இரத்தக் கொதிப்பு மாத்திரைகளும் இருதய மருந்துகளும்

இரத்தக் கொதிப்புக்கான மாத்திரை நோயை வேரோடு பிடுங்கி எறிவதில்லை. குழாய்ச் சுவரின்மேல் இரத்தம் மோதும் விசையை அன்றாடம் தணித்து வைக்கிறது, அவ்வளவே. மாத்திரை நின்றால் சில நாள்களிலோ சில வாரங்களிலோ அழுத்தம் பழைய இடத்துக்கே ஏறிவிடும். "பிரஷர் நார்மலாகிவிட்டது, இனி எதற்கு மருந்து" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். அளவு இறங்கியிருப்பது மருந்து வேலை செய்வதால். நோய் போய்விட்டதால் அன்று.

சிங்கப்பூரில் 2021-2022இல் எடுக்கப்பட்ட தேசிய மக்கள் சுகாதார ஆய்வின்படி, 18 முதல் 74 வயது வரையிலானோரில் ஏறத்தாழ 37 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. தேக்கா சந்தைக்கு ஞாயிறு காலையில் காய்கறி வாங்க வரும் பெரியவர்களில் மூவரில் ஒருவரது வீட்டிலாவது பிரஷர் மாத்திரை இருக்கும் என்று எண்ணினால் அது மிகையாகாது. அந்த மாத்திரை எது, என்ன செய்கிறது, எதனோடு சேரக்கூடாது என்று தெரிந்து உண்பதற்கு இந்த அத்தியாயம் உதவும். எந்த மருந்தையும் தொடங்கவோ நிறுத்தவோ அளவை மாற்றவோ மருத்துவரே சொல்ல வேண்டும்.

அளவு பார்த்தல்

மருந்தகத்தில் பார்க்கும்போது 140/90 அல்லது அதற்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் அது உயர் இரத்த அழுத்தம். வீட்டில் பார்க்கும்போது 135/85 என்பதே எல்லைக்கோடு. வெள்ளை அங்கியைக் கண்ட பதற்றம் வீட்டில் இருப்பதில்லை. நீரிழிவோ சிறுநீரக நோயோ மாரடைப்பு வரலாறோ உள்ளவர்களுக்கு 130/80க்குக் கீழே கொண்டுவர மருத்துவர் முயலக்கூடும். எவருக்கு எது இலக்கு என்பதை வயதையும் உடல்நிலையையும் பார்த்து அவர்தான் வகுப்பார்.

வீட்டில் பார்ப்பதற்கு மேற்கையில் சுற்றும் பட்டையுள்ள கருவியே நல்லது. மணிக்கட்டுக் கருவி எளிதில் பிசகும். பார்ப்பதற்கு முன் அரை மணி நேரத்துக்குக் காப்பி, தேநீர், புகை கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, பாதம் தரையில் படிய, கால்மேல் கால் போடாமல் 5 நிமிடம் பேசாமல் அமர வேண்டும். பட்டை இருதயத்தின் உயரத்தில் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து இரண்டையும் எழுதிக்கொள்ள வேண்டும். காலையில் மாத்திரை போடுவதற்கு முன்பும் மாலையிலும் ஒரு வாரம் எழுதிய தாள், மருத்துவருக்கு ஒற்றை அளவைவிடப் பன்மடங்கு உதவும்.

பெயரின் வால்

ஒவ்வொரு மருந்துக்கும் இரண்டு பெயர்கள். ஒன்று நிறுவனம் வைக்கும் வணிகப் பெயர். பெட்டியில் பெரிதாக இருப்பது அது. மற்றொன்று மருந்துப் பொருளின் பொதுப் பெயர். பெரும்பாலும் சிறிய எழுத்தில் கீழே இருக்கும். நோயாளி மனத்தில் வைக்க வேண்டியது அந்தச் சிறிய எழுத்துப் பெயரைத்தான். நிறமும் வடிவமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். "வெள்ளை மாத்திரை", "ரோஸ் மாத்திரை" என்று சொன்னால் மருத்துவருக்கு ஒன்றும் விளங்காது. பொதுப் பெயரின் வாலைப் பார்த்தாலோ, மருந்து எந்தக் குடும்பம் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

"டிபின்" என்று முடிபவை: அம்லோடிபின், நிஃபெடிபின், ஃபெலோடிபின். குழாய்ச் சுவரின் தசைக்குள் கால்சியம் நுழைவதைக் குறைத்து, குழாயை விரியச் செய்பவை. அம்லோடிபின் உடலில் நெடுநேரம் தங்குவதால் நாளுக்கு ஒரு வேளை போதும். கணுக்கால் வீங்குவது இதன் அறிந்த பக்கவிளைவு. குழாய் விரிவதால் நீர் திசுக்களுக்குக் கசிந்து வரும் வீக்கம் இது. எனவே நீர் மாத்திரையால் இது எளிதில் வடியாது. அளவைக் குறைத்தோ வேறு குடும்ப மருந்தைச் சேர்த்தோ மருத்துவர் சரிசெய்வார். அதேவேளை, வீக்கம் இருதயத் தளர்ச்சியின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும் என்பதால் சொல்லாமல் விடக்கூடாது.

"பிரில்" என்று முடிபவை: எனலாபிரில், லிசினோபிரில், பெரின்டோபிரில். குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் என்ற பொருள் உருவாவதைத் தடுப்பவை. பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சை ஆராய்ந்ததிலிருந்து பிறந்த குடும்பம் இது. அதன் மூத்த பிள்ளை கேப்டோபிரில் 1981இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இந்த மருந்து உண்பவர்களில் சிலருக்குச் சளியில்லாத வறட்டு இருமல் வரும். ஆசியர்களிடம் இது கூடுதல். இருமல் மருந்தால் அது அடங்காது. மாத்திரையை மாற்றினால்தான் அடங்கும். உதடு, நாக்கு, முகம் திடீரென வீங்கினால் அது அவசர நிலை.

"சார்டன்" என்று முடிபவை: லோசார்டன், வல்சார்டன், டெல்மிசார்டன். அதே ஆஞ்சியோடென்சின் தன் வேலையைச் செய்ய முடியாதபடி அது அமரும் இடத்தை அடைத்துவிடுபவை. இருமல் அரிது. நீரிழிவால் சிறுநீரில் புரதம் போகிறவர்களுக்கு இந்த இரு குடும்பங்களில் ஒன்றைத் தருவது வழக்கம். இரண்டையும் சேர்த்துத் தருவதில்லை. தொடங்கிய சில வாரங்களில் சிறுநீரகச் செயல்பாட்டுக்கும் பொட்டாசியத்துக்கும் இரத்தச் சோதனை செய்வார்கள்; அதைத் தள்ளிப்போடக்கூடாது. கர்ப்பிணிகளுக்கு இவ்விரு குடும்பங்களும் ஆகவே ஆகா. கருத்தரிக்க எண்ணும் பெண் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். லபெட்டலால், மெதில்டோப்பா, நிஃபெடிபின் போன்ற மாற்று உண்டு.

நீர் மாத்திரைகள்: ஹைட்ரோகுளோரோதையசைட், இன்டாபமைட், குளோர்தாலிடோன். உப்பையும் நீரையும் சிறுநீர்வழி வெளியேற்றுபவை. இரவில் எழ வேண்டியிருக்கும் என்பதால் காலையில் உண்பது வசதி. சோடியமும் பொட்டாசியமும் குறைவதும் யூரிக் அமிலம் கூடுவதும் இவற்றின் பக்கவிளைவுகள். கால் பெருவிரல் மூட்டில் கீல்வாதம் வந்தவர் அதைச் சொல்லிவிட வேண்டும்.

"லால்" என்று முடிபவை: பிசோபிரோலால், அடெனோலால், கார்வெடிலால். இருதயத் துடிப்பை மட்டுப்படுத்துபவை. மாரடைப்பு வந்தவர்கள், நெஞ்சுவலி உள்ளவர்கள், இருதயத் தளர்ச்சி உள்ளவர்கள், துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்கு இவை மிகவும் பயன்படும். ஆஸ்துமா உள்ளவர் முன்பே சொல்ல வேண்டும். இன்சுலின் போடுபவருக்குச் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை இவை மறைத்துவிடும். வியர்வை மட்டுமே எச்சரிக்கையாக மிஞ்சும். இந்தக் குடும்ப மருந்தை ஒரே நாளில் நிறுத்தினால் துடிப்பு எகிறி நெஞ்சுவலியோ மாரடைப்போ வரக்கூடும். படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

ஒரே மாத்திரையால் அழுத்தம் இறங்குபவர்கள் குறைவு. ஒரு மருந்தின் அளவை உச்சிக்கு ஏற்றுவதைவிட, இரண்டு மூன்று குடும்ப மருந்துகளைச் சிறு அளவில் சேர்ப்பது பெரும்பாலும் கூடுதல் பலனும் குறைந்த தொல்லையும் தரும். இலங்கையில் 700 நோயாளிகளிடம் நடந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டியது. டெல்மிசார்டன், அம்லோடிபின், குளோர்தாலிடோன் மூன்றையும் பாதி அளவில் ஒரே மாத்திரையாக உண்டவர்களில் 70 விழுக்காட்டினர் 6 மாதத்தில் இலக்கை எட்டினர். வழக்கமான சிகிச்சையில் 55 விழுக்காட்டினரே எட்டினர். எனவே மருத்துவர் இரண்டாவது மாத்திரையைச் சேர்ப்பதை, நோய் முற்றிவிட்டதாக எண்ணி அஞ்ச வேண்டியதில்லை.

இருதயத்துக்கான மருந்துகள்

மாரடைப்போ ஸ்டென்ட் வைத்த சிகிச்சையோ முடிந்து வீடு திரும்பும்போது மருந்துப் பை கனமாகவே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி வேலை உண்டு.

ஆஸ்பிரினும் குளோபிடோகிரெல், டிகாக்ரெலோர் போன்றவையும் இரத்தத் தட்டுகள் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும். ஸ்டென்ட் வைத்தபின் இவ்வகையில் இரண்டைச் சேர்த்து, வழக்கமாக 6 முதல் 12 மாதம் உண்ணச் சொல்வார்கள். இடையில் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைந்து மீண்டும் மாரடைப்பு வரக்கூடும். பல் பிடுங்கவோ சிறு அறுவைக்கோ போகும்போது தானாக நிறுத்தாமல் இருதய மருத்துவரைக் கேட்க வேண்டும். மலம் தார்போல் கறுப்பாகப் போனால் உடனே சொல்ல வேண்டும். மாரடைப்பு வராத ஒருவர், பக்கத்து வீட்டுக்காரர் உண்கிறார் என்பதற்காகத் தானும் ஆஸ்பிரின் உண்பது, பயனைவிட இரத்தக்கசிவையே தரக்கூடும்.

"ஸ்டாடின்" என்று முடியும் அடார்வாஸ்டாடின், சிம்வாஸ்டாடின், ரோசுவாஸ்டாடின் ஆகியவை கெட்ட கொழுப்பைக் குறைத்து, குழாயில் படிந்த கொழுப்புக் கட்டி வெடிக்காமல் காக்கும். கொழுப்பு அளவு சரியாக இருந்தாலும் மாரடைப்பு வந்தவருக்கு இது தேவை. விளங்காத தசைவலியோ கறுத்த சிறுநீரோ இருந்தால் தெரிவிக்க வேண்டும்.

கிளிசரில் டிரைநைட்ரேட் என்பது நெஞ்சு பிடிக்கும்போது நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை. உட்கார்ந்துகொண்டு வைக்க வேண்டும். நின்றபடி வைத்தால் தலைசுற்றி விழ நேரும். மாத்திரையை அதன் கறுத்த கண்ணாடிப் புட்டியிலேயே வைத்திருக்க வேண்டும். வாரப் பெட்டியில் மற்ற மாத்திரைகளோடு போட்டால் வீரியம் போய்விடும். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில், டடாலாஃபில் மாத்திரைகளோடு இது சேர்ந்தால் அழுத்தம் உயிர்போகும் அளவுக்குச் சரியும். சில்டெனாஃபில் உண்டபின் 24 மணி நேரமும் டடாலாஃபில் உண்டபின் 48 மணி நேரமும் இதை வைக்கக்கூடாது. கூச்சத்தால் ஆண்மைக் குறைவு மாத்திரை உண்பதை மறைப்பதால் ஆபத்து மருத்துவருக்கு அன்று, நோயாளிக்கே.

இருதயத் தளர்ச்சிக்கு மூச்சுத்திணறலையும் வீக்கத்தையும் தணிக்க ஃபுரோசமைடும், இருதயத் தசையைக் காக்க "லால்" மருந்து, ஸ்பைரோனோலாக்டோன், சாகுபிட்ரில்-வல்சார்டன் கூட்டு, "கிளிஃப்ளோசின்" என்று முடியும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவையும் தரப்படுகின்றன. நீரிழிவு இல்லாதவருக்கும் சர்க்கரை மாத்திரை எழுதிவிட்டார்களே என்று கிளிஃப்ளோசினைக் கண்டு மலைக்க வேண்டாம். இருதயத்துக்கு அது தனியே உதவும். இந்த நோயாளிகள் தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ கூடினால் உடலில் நீர் சேர்கிறது என்று பொருள்.

துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கு இருதயத்தில் உறைந்த கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வராமலிருக்க வார்ஃபரின், அபிக்ஸபான், ரிவராக்ஸபான் போன்றவை தரப்படும். உலோக வால்வு பொருத்தியவர்களுக்கு வார்ஃபரின் மட்டுமே. அதை உண்பவர், இரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் ஐஎன்ஆர் சோதனையைத் தவறவிடக்கூடாது. கீரையை விலக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவில் உண்டால் போதும். ஒரு வாரம் கீரையே இல்லாமலும் மறுவாரம் மூன்று வேளையும் முருங்கைக்கீரையும் என்றால்தான் ஐஎன்ஆர் அளவு தடுமாறும்.

ஊர் மாத்திரையும் சிங்கப்பூர் மாத்திரையும்

சென்னையிலோ திருச்சியிலோ மருத்துவரைப் பார்த்துப் பை நிறைய மாத்திரையோடு திரும்புபவர்கள் பலர். இங்குள்ள மருந்தகத்திலும் ஏற்கெனவே ஒரு பை இருக்கும். பெயர்கள் வெவ்வேறு, உள்ளிருக்கும் பொருள் ஒன்றாக இருக்கலாம். ஊரில் ஆம்லாங், ஸ்டாம்லோ என்று வருவதும் இங்கே நார்வாஸ்க் என்று வருவதும் அம்லோடிபின்தான். டெல்மா-ஏஎம் என்பதில் டெல்மிசார்டனோடு அம்லோடிபினும் இருக்கிறது. அதோடு இங்கே தந்த அம்லோடிபினையும் சேர்த்து உண்டால் அளவு இரட்டிக்கும். எக்கோஸ்பிரின்-ஏவியில் ஆஸ்பிரினோடு அடார்வாஸ்டாடின் சேர்ந்திருக்கிறது. மிக ஆபத்தான கூட்டு, ஊரில் தந்த "பிரில்" மாத்திரையும் இங்கே தந்த சாகுபிட்ரில்-வல்சார்டனும் சேர்வது. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போது 36 மணி நேரம் இடைவெளி விட வேண்டும், இல்லையேல் முகமும் தொண்டையும் வீங்கி மூச்சடைக்கக்கூடும்.

இதற்கு வழி எளிது. வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் அட்டையோடும் பெட்டியோடும் ஒரே பையில் போட்டு மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ எடுத்துச் செல்ல வேண்டும். பொதுப் பெயர், மில்லிகிராம் அளவு, எந்த வேளை என மூன்று பத்தியில் ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்வது நன்று. அரசாங்க மருந்தகங்களில் தந்தவற்றை ஹெல்த்ஹப் செயலியிலும் பார்க்கலாம். ஊரில் வாங்கியவை அதில் இரா.

சிங்கப்பூருக்கு வருபவர் சொந்தப் பயன்பாட்டுக்கு, கட்டுப்படுத்தப்பட்ட பொருள் இல்லாத மருந்துகளை 3 மாத அளவுக்கு மேற்படாமல் கொண்டுவரலாம். மருத்துவர் சீட்டின் நகல் உடனிருக்கட்டும். பிரஷர் மாத்திரைகள் இங்கே மருத்துவர் சீட்டின்றி விற்கப்படுவதில்லை. ஆகவே ஊர்ச் சரக்கு தீரும் நாள்வரை காத்திராமல், முன்பே இங்குள்ள மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

2019 மார்ச்சில் சுகாதார அறிவியல் ஆணையம் மூன்று வணிகப் பெயர்களில் வந்த லோசார்டனை, அதில் நைட்ரோசமைன் என்ற வேண்டாத மாசு கலந்திருந்ததால், மீட்டுக்கொண்டது. நோயாளிகள் தாமாக நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் மாற்று பெற்றுக்கொள்ளுங்கள் என்றும் சொன்னது. மாசின் தீங்கு நெடுநாளில். மருந்தை நிறுத்தும் தீங்கு சில நாளில். இத்தகைய செய்தி வரும்போதும் தன் மருந்தின் பொதுப் பெயரும் வணிகப் பெயரும் தெரிந்தவரே பதறாமல் நடந்துகொள்வார்.

உணவு, மூலிகை, கடை மருந்து

உப்பைக் குறைத்தால் மாத்திரையின் வேலை எளிதாகும். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே. ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. கருவாடு, ஊறுகாய், அப்பளம், சோயா சாஸ், உடனடி நூடல்ஸ் ஆகியவற்றில் உள்ளதும் இந்தக் கணக்கில் அடங்கும். கடையில் விற்கும் குறைந்த சோடிய உப்பில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். பலருக்கு அது நல்லது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் "பிரில்", "சார்டன்", ஸ்பைரோனோலாக்டோன் உண்பவர்களுக்கும் பொட்டாசியம் ஏறி துடிப்பைக் குலைக்கலாம். இளநீரை அளவின்றிக் குடிப்பதிலும் இதே எச்சரிக்கை வேண்டும்.

சீனப் புத்தாண்டிலும் நிலவுப் பண்டிகையிலும் வீடுதோறும் வரும் பம்பிளிமாஸ், அதன் இனமான கிரேப்ஃபுரூட் இரண்டும் சில மருந்துகள் குடலில் சிதைவதைத் தடுத்து, இரத்தத்தில் அவற்றின் அளவைக் கூட்டும். ஃபெலோடிபின், நிஃபெடிபின், சிம்வாஸ்டாடின் உண்பவர்கள் தவிர்ப்பது நலம்.

மூலிகை என்றால் கெடுதி இல்லை என்ற எண்ணம் நம்மிடம் ஆழமானது. சர்ப்பகந்தி வேர் அழுத்தத்தைக் குறைப்பதை மும்பை மருத்துவர் ரஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் பிரிட்டிஷ் இருதய மருத்துவ இதழில் எழுதினார்; 1952இல் அதிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டு உலகெங்கும் பிரஷர் மருந்தாயிற்று. மனச்சோர்வு முதலான பக்கவிளைவுகளும் அதோடு வந்தன. அழுத்தத்தை மாற்றும் வலிமை ஒரு வேருக்கு இருந்தால், பிற மருந்தோடு மோதும் வலிமையும் அதற்கு உண்டு. அதிமதுரம் இன்னொரு சான்று. இருமலுக்குக் கைகண்ட மருந்தாகிய அது, நாள்தோறும் உண்டால் உடலில் உப்பைத் தேக்கி அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். "பிரில்" மாத்திரையால் வந்த இருமலுக்கு நாட்டு மருந்துக்கடையில் அதிமதுரம் வாங்கி மெல்பவர், இருமலும் போகாமல் பிரஷரும் ஏறி அவதிப்படுவார்.

மூட்டுவலிக்கு வாங்கும் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சென் அழுத்தத்தைக் கூட்டும். "சார்டன்" மற்றும் நீர் மாத்திரையோடு சேர்ந்தால் சிறுநீரகத்தைச் சாய்க்கும். வலிக்குப் பாரசிட்டமால் போதுமா என்று முதலில் கேட்க வேண்டும். மூக்கடைப்புக்கான சூடோஎஃபிட்ரின் கலந்த சளி மாத்திரையும் பிரஷரை ஏற்றும்.

விரதம், நோன்பு, வெயில்

தைப்பூசத்துக்குச் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில்வரை பால்குடமோ காவடியோ எடுப்பவர், விரதம் தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். உணவைக் குறைத்து வெயிலில் நடக்கும்போது நீர் மாத்திரையின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். மாத்திரை விழுங்கும் ஒரு மிடறு தண்ணீர் விரதத்தைக் கெடுப்பதில்லை என்று கருதுவோர் பலர். ஐயமிருந்தால் கோயில் பெரியவரிடம் கேட்டுத் தெளிவது, மாத்திரையை விடுவதைவிட நல்லது. ரமலான் நோன்பு நோற்பவர்களுக்கு ஒரு வேளை மட்டும் உண்ணும் மருந்துகளாக மாற்றி, நோன்பு திறக்கும்போதோ சஹர் நேரத்திலோ தர முடியும். நோன்புக்குச் சில வாரங்கள் முன்பே பேச வேண்டும்.

கட்டுமானத் தளத்தில் வெயிலில் வேலை செய்பவர்களுக்கும் இதே கவனம் தேவை. வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து எதுவும் உள்ளே தங்காத நாளில் நீர் மாத்திரை, "பிரில்", "சார்டன்", "கிளிஃப்ளோசின்" ஆகியவற்றைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று மருந்தகத்தை அழைத்துக் கேட்க வேண்டும். ஒரு வேளை மறந்துவிட்டால் அதே நாளில் நினைவு வந்தவுடன் உண்ணலாம்; மறுநாள் இரண்டாகச் சேர்த்து உண்ணக்கூடாது.

செலவு

பலதுறை மருந்தகங்களில் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மருந்துக்கு அரசாங்க மானியம் உண்டு. குடிமக்கள் சமூகச் சுகாதார உதவித் திட்டத்தின் (சாஸ்) நீலம், ஆரஞ்சு, பச்சை அட்டைகளைக் கொண்டு, அருகிலுள்ள தனியார் மருந்தகத்திலும் நாட்பட்ட நோய்க்கு மானியம் பெறலாம். 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஒரே குடும்ப மருத்துவரைத் தேர்ந்து பதிந்துகொள்கிறார்கள். எல்லா மாத்திரையும் ஒருவர் கண்ணில் படுவதே இதன் பெரிய பயன். மெடிசேவ் கணக்கிலிருந்தும் ஆண்டு வரம்புக்குள் செலுத்தலாம். 2021இல் இந்த வரம்பு 500 வெள்ளி என்றும் சிக்கலான நோய் உள்ளவர்களுக்கு 700 வெள்ளி என்றும் வகுக்கப்பட்டது. நடப்பு அளவை மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளலாம். தங்குவிடுதியில் வசிக்கும் வேலை அனுமதி ஊழியர்களுக்கு 2022 ஏப்ரலிலிருந்து முதலாளி அடிப்படை மருத்துவத் திட்டம் வாங்கித் தர வேண்டும். பிரஷர் இருப்பதை வேலை போய்விடும் என்று மறைக்காமல் அத்திட்ட மருத்துவரிடம் சொல்லிச் சிகிச்சை பெறுவதே உயிருக்குக் காப்பு.

வணிகப் பெயருள்ள மருந்துக்குப் பதில் அதே பொருளுள்ள பொது மருந்தைக் கேட்டால் செலவு குறையும். சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஒப்புதல் பெற்றது என்றால் பலன் ஒன்றே. பணமில்லை என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் உண்பதைவிட, அதை மருத்துவரிடம் சொன்னால் மலிவான மாற்று எழுதுவார். மருத்துவமனைச் சமூக ஊழியர்களும் உதவுவார்கள்.

உடனே 995

நெஞ்சில் பாரம் அழுத்துவதுபோன்ற வலி, அது கை, தாடை, முதுகுக்குப் பரவுதல், குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகள். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் சோர்வும் மூச்சிரைப்பும் மட்டும் வரலாம். வாயு என்று ஓமநீர் குடித்துக் காத்திருக்கக்கூடாது. நாக்கடி மாத்திரை வைத்து 5 நிமிடத்தில் வலி அடங்காவிட்டால் அவசர ஊர்திக்கு 995ஐ அழைக்க வேண்டும். முகம் ஒருபக்கம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சு குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே அழைக்க வேண்டும். 180/120க்கு மேல் அளவு காட்டி, அதோடு தலைவலி, பார்வை மங்கல், குழப்பம், நெஞ்சுவலி இருந்தாலும் அவ்வாறே. அறிகுறி எதுவுமில்லாமல் எண் மட்டும் ஏறியிருந்தால் 5 நிமிடம் அமர்ந்து மீண்டும் பார்த்து, அன்றே மருத்துவரை அணுக வேண்டும். கூடுதல் மாத்திரையைத் தானாக விழுங்கி வேகமாக இறக்க முயல்வது மூளைக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துவிடும். அவசர ஊர்தி வந்ததும் பணப்பையிலிருக்கும் மருந்துத் தாளை ஊழியரிடம் கொடுக்க வேண்டும்.